முதலில் சுருண்ட கோழி எது?

கோழி தூங்குகிறது என்று ஒரு பெண் வந்து சொன்னால் சிரிக்காதீர்கள். சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "பகல்ல தூங்குனா ராத்திரி காவலுக்கு முழிச்சிருக்கும்மா, போ" என்று கிண்டலடித்து அனுப்பியவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில் ஒரு கோழி கண்ணைச் செருகி, இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால், அதன் உடம்புக்குள் தீப்பிடித்திருக்கிறது என்று பொருள். அத்தனையையும் அந்தப் பெண் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். நமக்குத்தான் காது இல்லை.

காரைக்கால் கால்நடை மருந்தகத்தில் நான் சேர்ந்தது கூட்டிப் பெருக்கும் வேலைக்கு. மாட்டைப் பிடி, பாட்டிலை எடு என்று தொடங்கி, ஊசி போடுகிற அளவுக்கு வந்து ஓய்வு பெற்றேன். எனக்குப் பாடம் எடுத்தவை வாசலில் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்ற பெண்களின் வாய்கள்தாம். "சுண்ணாம்பக் கரைச்சு ஊத்துன மாதிரி போவுதுங்க" என்பாள் ஒருத்தி. "கல்யாண வீட்டுல சீலை தடுக்குனவ மாதிரி றெக்கைய இழுத்துக்கிட்டு நடக்குது" என்பாள் இன்னொருத்தி. மூச்சுத் திணறினால், "பஸ்ஸ விட்டவ மாதிரி இரைக்குது." கழுத்து முறுக்கிக்கொண்டு அலகு மேலே பார்க்க நின்றால், "வானம் பாக்குதுங்க." இதற்கு மேல் ஒரு நோயை எப்படிச் சொல்வது? இந்தச் சொற்களை நீங்களும் காதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயிற்சியிலும் கிடைக்காது.

ஆனால் இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களிடம் இன்று நான் பேச வந்தது கோழியின் நோயைப் பற்றி அல்ல, நம் வாயைப் பற்றி. கொல்லையில் நிற்கும் கோழியைப் பார்த்து நாம் சொல்கிற சொல், அந்த வீட்டில் யாரோ ஒருவர் தலையில் போய் விழுகிறது. அது யார் தலை என்று பார்க்காமல் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் ஒரு வருஷம் கடந்திருந்தது. வடக்கேயிருந்து பறவைக் காய்ச்சல் என்று பத்திரிகையில் செய்தி வந்துகொண்டிருந்தது. நம் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? கறிக்கடைகளில் ஈ ஓட்டினார்கள். கோழிக்கூடையோடு ஏறினால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, கிளிஞ்சல்மேட்டிலிருந்து பாக்கியம் என்ற அம்மா மருந்தகத்துக்கு வந்தார். கூடை மீன் சுமந்து விற்கிறவர். இடுப்பில் ஒரு காலிக் கூடை.

"ஊசிக்காரம்மா யாரு, நீதானே? எங் கோழி சீக்குக் கோழியான்னு நீ வந்து பாக்கணும்."

"எத்தனை செத்துச்சுக்கா?"

"எங்கிட்ட ஒண்ணும் சாவல. செத்ததெல்லாம் எஞ் சம்பந்தி வூட்டுல. பழி மட்டும் எங்கிட்ட வந்திருக்கு."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அவர் மகள் செல்வியும் வரிச்சிக்குடி பையன் ரவியும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பையன் வீடு வயல் வைத்திருக்கும் வீடு. அவன் அப்பா காரைக்காலில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கடற்கரையிலிருந்து வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டார்களே தவிர, பெண்ணைப் பெற்றவளை வாசல் வழியாக உள்ளே அழைத்ததில்லை. மகளைப் பார்க்கப் போனால் கொல்லைப்பக்கம் நின்று பேசிவிட்டு வருவார். பேத்தி பிறந்து, தத்தித் தத்தி நடக்கவும் தொடங்கிவிட்டாள். அவள் முட்டை தின்னட்டும் என்று, மாசி மகம் முடிந்த கையோடு, முட்டையிடும் பெட்டைக் கோழிகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கூடையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று நடந்தே.

"மாமியாக்காரி கூடைய வாங்கி உள்ள வச்சா. எங் கையால ஒரு பொருள அந்த வூட்டுல வாங்குனது அதான் மொத தடவ" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு பழையபடி ஏறிக்கொண்டது.

அதற்குப் பின் அந்த வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்திருக்கின்றன. எங்கள் மருந்தகத்திலிருந்து ஒருவர் அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறார். மாமியார் அவரை நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை. "வெளியேருந்து எதும் கோழி வந்துச்சா?" என்று கேட்டார். "கடக்கரைலேருந்து சம்பந்தி கொண்டாந்தாங்க." "அப்ப அதான்." வண்டி போய்விட்டது.

கேட்ட கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை, பிள்ளைகளே. அது கேட்கவேண்டிய கேள்விதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கேள்வியைத் தெரு நடுவில் கேட்டு, பதிலைச் சோதிக்காமல், தீர்ப்பையும் அங்கேயே போட்டுவிட்டுப் போவதற்கு எந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது? அவர் செருப்பில் நோய்க் கிருமி ஒட்டியிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். இறங்கினால்தானே ஒட்டும்!

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க 'கடக்கரைக் காய்ச்சல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோழிகளுக்குத் தீனி போட்டது செல்வி. ஆகையால் செல்வி உடம்பிலும் காய்ச்சல் இருக்கும். ஆகையால் அவள் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். பச்சைப்பிள்ளை மட்டும் இங்கேயே இருக்கட்டும். இதுதான் அந்த வீட்டில் எடுத்த முடிவு. கொஞ்ச நாள் என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பெண்களை நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்கு என்ன அர்த்தம் என்று பாக்கியத்துக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"இன்னிக்கு சாயங்காலம் மாப்ள வண்டியில கொண்டாந்து விடுதாம். தாயி ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம். எங் கோழி சீக்குன்னா சொல்லு, எல்லாத்தையும் நானே கழுத்தத் திருவிப் பொதைச்சுட்டு, அந்த வாசல்ல போயி, ஆமா நாந்தான் கொண்டாந்தேன்னு சொல்றேன். இல்லன்னா நீ வந்து சொல்லு."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "பாத்துட்டு வாங்க. செத்த கோழி கிடைச்சா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. இந்த நேரத்துல எதையும் லேசா விடக்கூடாது" என்றார். ஸ்கூட்டர்காரர் பக்கத்தில்தான் இருந்தார். "கோழிக்கு வைத்தியம் பாக்கப் போறீங்களா, குடும்பத்துக்கா?" என்று சிரித்தார். "நீங்க கிளப்பி விட்டதுக்கு" என்றேன். "நான் ஒரு கேள்விதானேம்மா கேட்டேன்?" என்றார் அவர். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். இதைக் கவனியுங்கள்: நோய் இல்லை என்று சொல்லும் இடத்தை முதலில் பாருங்கள், நோய் கண்ட இடத்தைக் கடைசியில் பாருங்கள். மாற்றிப் போனால் நாமே சீக்கைச் சுமந்து போய் இறக்குவோம். பாக்கியத்தின் கோழிகள் மீன் செதிலுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தன. கொண்டை செம்பருத்தி நிறம். என்னைக் கண்டதும் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் ஓடி ஒளிந்தன. ஒன்றைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டுப் பார்த்தேன். தூங்குகிற கோழி ஒன்றுகூட இல்லை.

"என்ன சொல்ற?" என்றார் பாக்கியம்.

"ஒங்க கோழி நல்லாருக்குக்கா. ஆனா அங்க போயிப் பாக்காம வாயத் தொறக்க மாட்டேன்."

"தொறக்காத. வா போவலாம்."

கை காலைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து வரிச்சிக்குடிக்கு வந்தோம். தெருமுனையில் பாக்கியம் நின்றுவிட்டார். "நான் இங்கயே நிக்கிறேன். என்னப் பாத்தா அவளுக்குத்தான் ரெண்டு ஏச்சு கூட வுழும்."

மாமியார் வாசலிலேயே மறித்தார். "ஒருத்தர் வண்டில இருந்தபடியே சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க ஆற அமர வந்து வேற சொல்லப் போறீங்களா?"

"சொல்ல வரலம்மா. பாக்க வந்திருக்கேன்."

அலுத்துக்கொண்டே கொல்லைக்கு வழி விட்டார். பம்புக்கடியில் செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்கட்டுக் கதவோரம் ஒரு பை, ஜிப் போட முடியாத அளவுக்குத் துணி அடைத்து, தயாராக இருந்தது.

கூடையில் வந்த கோழிகளை நடுக்கொல்லையில் காலில் கயிறு போட்டு வெயிலில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏம்மா, இதுங்கள ஏன் வெயில்ல கட்டியிருக்கு?"

"அதுங்கதானே சீக்கக் கொண்டாந்துச்சு? நெழல்ல வச்சு விசிறி விடச் சொல்றீங்களா?"

தண்ணீர் வைத்தேன். தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தன. கண் பளிச்சென்று இருந்தது, எச்சம் கெட்டியாக இருந்தது. அந்த வீட்டின் சொந்தக் கோழிகளோ ஓலைச் சார்ப்புக்குக் கீழே கந்தல்துணி மாதிரிக் கிடந்தன. சீக்கைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்டவை திடமாக நிற்கின்றன. வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்பட்டவை செத்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஒன்றைப் பார்க்க ஸ்கூட்டரிலிருந்து இறங்கினால் போதாதா?

மூலையில் ஒரு பஞ்சாரக் கூடை கவிழ்த்திருந்தது. தூக்கினேன். உள்ளே ஒரு சாம்பல் பெட்டை. தலை முதுகுப் பக்கம் முறுக்கி, அலகு மேலே பார்க்க, தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்பலேருந்து வானம் பாக்குது?"

"நேத்து… முந்தாநேத்துலேருந்து" என்றார் மாமியார். பம்படியில் செல்வி தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

கோழிகளைக் கூட்டமாகச் சாய்க்கும் வெள்ளைக் கழிச்சல் நோயில் கழுத்து எடுத்த எடுப்பில் முறுக்குவதில்லை. முதலில் தூக்கம், பிறகு வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இரைப்பு. அதில் சாகாமல் தப்பிப் பிழைப்பவைதான் பெரும்பாலும் இப்படி வானம் பார்க்கும். அப்படியானால் இந்தக் கோழி சில காலமாகவே சீக்காளி. கூடை வந்ததோ அண்மையில். எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைச் சொல்லக்கூடியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பேசினால் விழப்போவது அவள் முதுகில். மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளைச் சாட்சிக்கு இழுப்பது நம் வேலையில்லை. அதனால், "இந்தக் கோழியப் புடிச்சுக்கிட்டு கொஞ்சம் கூட வாம்மா" என்று அவளை மட்டும் குப்பைக்குழிப் பக்கம் அழைத்துப் போனேன்.

"மொதல்ல சுருண்ட கோழி எது?"

"கருப்பிக்கா." யோசிக்கவே இல்லை அவள். "மகத்துக்குச் சாமி பொறப்படறதுக்கு முந்தியே செத்துடுச்சு. நாந்தான் வாழைக்கிட்ட பொதைச்சேன். அப்பவே இதுவும் தூங்கிக்கிட்டுதான் இருந்துச்சு."

"ஒங்கம்மா வந்தது?"

"மகம் முடிஞ்சப்பறம்."

"இத ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. ஒரு கோழி செத்ததெல்லாம் ஒரு கணக்கான்னுட்டாங்க."

கேட்டீர்களா? அவள் சொல்லியிருக்கிறாள். நாள் சொல்லி, இடம் சொல்லி, கோழியின் பெயரையும் சொல்லியிருக்கிறாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

குப்பைக்குழியில் சாம்பலுக்கு நடுவே செங்காவி நிறத்தில் இறகுகள் கிடந்தன. அந்த வீட்டில் கருப்புக் கோழியும் சாம்பல் கோழியும்தான். பாக்கியம் கொண்டுவந்தவை வெள்ளைப் புள்ளிக் கோழிகள். ஓர் இறகை எடுத்து, "இது யாரு?" என்றேன். பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அது கொழம்பு வச்சது." மாமியார் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. "அவருதான் ஆபீஸ் வுட்டு வர்றப்ப சைக்கிள்காரன்கிட்ட வாங்கிட்டு வந்தாரு. நாட்டுச் சேவல், மலிவா குடுத்தான்னு."

"கருப்பி செத்ததுக்கு முன்னாடியா?"

"அதுக்கு முந்தின வாரம்."

"உசுரோட கொண்டாந்தப்ப சேவல் எப்படிம்மா இருந்துச்சு?"

சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "தூங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

தெரியும்! அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாகிறதுக்குள்ளே அறுத்துக் குழம்பு வைத்துவிட்டால் நஷ்டமில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். குடலையும் இறகையும் குப்பையில் கொட்டினால், கொல்லைக் கோழி அதைத்தான் முதலில் கிளறும். இதுவும் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே, ஒருத்தியின் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறார்கள்.

அந்த இறகைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஊரைக் கூட்டிக் கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு. ஓடவில்லை. கத்திவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். செல்வி அந்த வீட்டில்தான் இருக்கவேண்டும். மாமனாரைத் தெருவில் நிறுத்திய கணக்கும் அவள் பேரில்தான் எழுதப்படும். யார் வாங்கி வந்தார் என்பதைச் சொல்வது அந்த வீட்டாரின் பொறுப்பு. எந்தக் கோழி முதலில் விழுந்தது, என்ன நோய், கூடைக் கோழிக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்பது என் பொறுப்பு. அதை மட்டும் தெருவில் சொல்லவேண்டும். தெருவில் சொன்ன தப்பை வீட்டுக்குள் வந்து மெதுவாகத் திருத்துவது திருத்தம் ஆகாது. எவ்வளவு உரக்கச் சொல்லப்பட்டதோ அவ்வளவு உரக்கத் திருத்தவேண்டும்.

அன்று காலை செத்த கோழி ஒன்று இன்னும் புதைக்கப்படாமல் கிடந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் காயின் போனில் டாக்டரைக் கூப்பிட்டேன். ஜீப்பில் வந்தார். வாழையிலையை விரித்து, குந்தி உட்கார்ந்து, கோழியை அறுத்துப் பார்த்தார். இரைப்பையின் உட்புறம் ரத்தப் புள்ளிகள். கழுத்து முறுக்கிய பெட்டையையும் நெடுநேரம் பார்த்தார். கருப்பி செத்த நாளை நான் சொன்னேன். செல்வியிடம் திரும்பி, "சரிதானாம்மா?" என்று அவளிடமே கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"வெள்ளைக் கழிச்சல்தான். இந்த நேரத்துல சோதிக்காம விடக்கூடாது, அதனால மாதிரி அனுப்பி வைக்கிறேன். முடிவு வர்ற வரைக்கும் குழந்தையக் கோழிப்பக்கம் விடாதீங்க."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. அந்த அம்மாவின் பயம் பொய்யில்லை.

"நான் பாத்தவரைக்கும் இது கோழியோட நோய்ம்மா. புள்ளையத் தாய்கிட்டேருந்து பிரிக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்ல."

சாயங்காலம் ஆகிவிட்டது. மாமனார் வேலை முடிந்து வந்தார். ரவியும் பையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். ஜீப்பைக் கண்டு தெருவில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். டாக்டர் எல்லார் காதிலும் விழ, நோயின் பெயரைச் சொல்லி, கூடை வருவதற்கு முன்பே இந்தக் கொல்லையில் நோய் இருந்தது என்றும் சொன்னார்.

மாமனார் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் காத்துல வர்றதுதான் சார். யாரச் சொல்லி என்ன ஆவப்போவுது? வுடுங்க."

நேற்றுவரை ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கூடையில் வந்தது என்றால் குற்றம், தன் பையில் வந்தது என்றால் காற்று! அவர் அதோடு விடவுமில்லை. "ஏற்பாடு பண்ணுனது பண்ணுனபடி இருக்கட்டும். அவ போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும். ரவி, வண்டிய எடு."

"காத்துல ஒண்ணும் வரல." மாமியார்தான். குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. "தூங்குற சேவல வாங்கிட்டு வந்தது நீங்க. அறுத்துக் கொடலக் குப்பையில போட்டது நான். நம்ம கோழி கிளறித் தின்னுச்சு. அவ எதுக்குப் புள்ளைய வுட்டுட்டுப் போவணும்?"

"ஏய், தெருவுல நின்னுக்கிட்டு என்ன பேசுற?"

"தெருவுல நின்னுதானே அவ அம்மாவப் பேசுனோம்?"

மாமனார் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். ரவி வண்டியிலிருந்து பையை இறக்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். "உள்ள கொண்டு போயி வைடா, அதுக்கும் ஆளு வரணுமா?" என்று தாய் அதட்டிய பிறகு போனான். குழந்தையைச் செல்வி வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவு நேரமும் தெருமுனையில் நின்ற பாக்கியம் அப்போதுதான் நடந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. என்னிடம், "எங் கோழியக் குடுக்கச் சொல்லு, நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

இந்த வேலையில் எனக்கு நேர்ந்த கஷ்டங்களிலேயே இதுதான் பெரியது. அந்த அம்மாவுக்கு நான் செய்யக்கூடிய நியாயம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதைத்தான் செய்யக்கூடாது.

"வேணாம்க்கா. அதுங்க இந்தக் கொல்லையில நின்னுடுச்சு. இப்ப தூக்கிட்டுப் போனா ஒங்க ஊருக்குச் சீக்கு வந்துடும்."

"அப்ப இங்கயே கெடந்து சாவட்டுங்கிறியா?"

"பொழைச்சாலும் பொழைக்கும்க்கா." பொய் சொல்ல வாய் வரவில்லை. "செத்தாலும் சாவும்."

இடுப்பில் இருந்த கூடையை வேறு பக்கம் மாற்றிக்கொண்டார். "கொண்டாந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியும். அங்க சொல்லு."

ஜீப்பில் ஏறப்போன டாக்டர் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் கலையத் தொடங்கியவர்களும் நின்றார்கள். நான் அந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி, கொல்லையில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இந்தம்மா கொண்டாந்த கோழி நல்ல கோழி. ஒரு குத்தமும் இல்லாத கோழி. அதுக்குச் சீக்கு வந்தா, இந்தக் கொல்லையிலதான் வரும்."

பாக்கியம் கடைசிச் சொல் வரை கேட்டார். பிறகு சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, காலிக் கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மாமியார் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார்.

"உள்ள வாங்க சம்பந்தி. ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போவலாம்."

பாக்கியம் அந்த அம்மாவை அப்போதுதான் நேராகப் பார்த்தார். பேத்தியின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்.

"இன்னொரு நாளு வர்றேன் சம்பந்தி. இன்னிக்கு எனக்குக் கோவம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், கடற்கரையைப் பார்த்து நடந்தார்.